எலிக்கு மருந்து வைக்கும் முன் ஓட்டையைத் தேடுங்கள்

2024 நவம்பரில் குன்றத்தூர் அருகே மணஞ்சேரியில் எலித் தொல்லை தாங்காமல் ஒரு குடும்பம் பெஸ்ட் கன்ட்ரோல் நிறுவனத்தை அழைத்தது. வந்தவர்கள் வீட்டில் பல இடங்களில் மருந்து வைத்துவிட்டுப் போனார்கள். அன்றிரவு ஏசி போட்டுத் தூங்கிய குடும்பத்தில் சிறு குழந்தைகள் இருவர் இறந்தார்கள். பெற்றோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். வீடு வைத்திருக்கும் ஒவ்வொருவரும் நினைவில் வைக்க வேண்டிய சாவுகள் இவை.

எலியைக் கொன்று தீர்க்க முடியாது. வழி திறந்திருக்கும்வரை அடுத்தது வரும். சுண்டெலிக்குப் பென்சில் நுழையும் சந்து போதும். முதலில் சிங்க்குக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். கழிவுநீர் ஹோஸ் சுவருக்குள் போகும் இடத்தில் ஓட்டை பெரிதாகவும் குழாய் சிறிதாகவும் இருக்கும். குழாயை ஒட்டிக் கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்குக் கோடு தெரிந்தால் அதுதான் எலி தினமும் உரசிப் போகும் பாதை. ஏசி பைப் நுழையும் ஓட்டையும் அப்படித்தான். ஃபோம் அடைத்தால் ஒரே இரவில் கடித்துவிடும். கம்பி வலையைத் திணித்து மேலே சிமென்ட் பூசுங்கள். குளியலறை ஜாலி, எக்ஸாஸ்ட் ஃபேன் துளை, மொட்டை மாடியில் வாய் திறந்து நிற்கும் செப்டிக் டேங்க் வென்ட் பைப் எல்லாவற்றுக்கும் வலை வேண்டும். கூரையைத் தொடும் தென்னை மட்டையை வெட்டிவிடுங்கள்.

வாடகை வீடா? தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருந்தால் ஒழிய, குழாய் மாற்றுவதும் கட்டட ரிப்பேரும் உரிமையாளர் பொறுப்பு. சாக்கடையைச் சுத்தம் செய்வது குடியிருப்பவர் பொறுப்பு. ஓட்டையைப் படம் எடுத்து எழுத்தில் கேளுங்கள்.

பெஸ்ட் கன்ட்ரோல் ஆட்களை அழைத்தால் வேளாண்மைத் துறை கொடுத்த உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். மருந்தின் பெயரையும், எத்தனை மணி நேரம் வெளியே இருக்க வேண்டும் என்பதையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். எலிக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு ஈரக்காற்று பட்டாலே பாஸ்பீன் என்ற நச்சு வாயுவை விடும். மூடிய அறையில் ஏசி அதே காற்றைத்தான் சுற்றவிடும். குடியிருக்கும் வீட்டுக்குள் அந்த மருந்தை வைக்க யாரையும் விடாதீர்கள். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட்டைத் தமிழக அரசு தடை செய்திருக்கிறது. அந்த நஞ்சுக்கு முறிவு மருந்து கிடையாது; தின்றவர் ஓரிரு நாள் நன்றாக இருப்பதுபோல் தோன்றி, பிறகு கல்லீரல் கெடும்.

சேவையில் குறை என்றால் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

மருந்து வைத்த வீட்டில் யாருக்காவது வாந்தி, மூச்சுத் திணறல் வந்தால் உடனே எல்லோரையும் வெளியே கொண்டுவந்து 108-ஐக் கூப்பிடுங்கள். மருந்தைத் தின்றிருந்தால் அறிகுறிக்காகக் காத்திருக்க வேண்டாம், நீங்களாக வாந்தி எடுக்கவும் வைக்காதீர்கள். மருந்து அட்டையை மறக்காமல் மருத்துவரிடம் கொடுங்கள்.