அண்ணாமலையார் கொடுக்கும் திதி

திருவண்ணாமலைப் பெரிய கோயிலில் நின்று மலையை நோக்கித் தொழுகிறவனுக்கு அம்மலையின் மறுபுறத்தில் மறைந்து கிடக்கும் சிற்றூர் அடி அண்ணாமலை. ஆதி அருணாசலேசுவரர் ஆலயத்தையும், திருவெம்பாவை தந்த மாணிக்கவாசகரின் சன்னிதியையும் உடைய இவ்வூரில், இன்று என்ன நாள் என்பதைப் பஞ்சாங்கத்தைப் புரட்டாமலே, 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் செல்லும் கூட்டத்தைக் கொண்டே சொல்லிவிடலாம். பௌர்ணமிதோறும் மனிதர் வலம் வருகிறார்கள். கார்த்திகை தீபத்தை அடுத்து ஒரு முறையும், தை மாதத்துத் திருவூடலுக்கு மறுநாள் ஒரு முறையுமாக, வருஷத்தில் இரு தினங்கள் அண்ணாமலையாரே தம் மலையைத் தாமே வலம் வருகிறார்.

இப்பிரதேசத்தில் நாட்களை நினைவில் வைக்கும் முறையும் ஒரே விதமானதன்று. ரமண மகரிஷி 1879ஆம் வருஷம் டிசம்பர் 30ஆம் தேதி, ஆருத்ரா தரிசன இரவு கழிந்த நள்ளிரவுக்குப் பின், திருச்சுழியில் பிறந்தார். அவருடைய ஜயந்தியை ஆசிரமத்தார் மார்கழிப் புனர்பூச நக்ஷத்திரத்தில் கொண்டாடுகிறார்கள். 1950ஆம் வருஷம் ஏப்ரல் 14ஆம் தேதி இரவு 8 மணி 47 நிமிஷத்தில் அவர் சரீரம் நீத்தார். ஆராதனையோ தேய்பிறைத் திரயோதசித் திதியில் நடக்கிறது. ஆனால் மதுரையை விட்டு வந்த அந்தப் பதினாறு வயதுப் பிள்ளை அருணாசலத்தை அடைந்த நாள் மட்டும் 1896 செப்டம்பர் 1 என்று இங்கிலீஷ் தேதியாகவே நிலைத்துவிட்டது. 1946இல் அதன் பொன்விழாவும் அதே செப்டம்பர் முதல் தேதியில்தான் நடைபெற்றது. 1896இல் அவர் வந்து சேர்ந்ததற்கு முந்தைய நாள் கோகுலாஷ்டமி என்பதும், அன்று கீழூரில் முத்துகிருஷ்ண பாகவதர் வீட்டில் அவருக்கு அன்னம் கிடைத்தது என்பதும் சரித்திரத்தில் இருக்கத்தான் செய்கின்றன. ஆயினும் ரயிலேறி வந்தவரின் வருகையை ரயில்வே அட்டவணையின் கணக்கிலேயே வைத்துக்கொண்டது பொருத்தமாகத்தான் இருக்கிறது. 1912இல் அன்பர்கள் முதன்முதலாகத் தமக்கு ஜயந்தி கொண்டாட முற்பட்டபோது, பிறந்தவர் யார் என்பதை முதலில் விசாரிக்கும்படி செய்யுள் இயற்றிக் கொடுத்தவர் அவர் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

எனினும், இந்த மலையடிவாரத்தில் அனுஷ்டிக்கப்படும் நினைவு தினங்களுள் எனக்கு மிக விசித்திரமாகப் படுவது ஒரு ஞானியைப் பற்றியது அன்று. போரில் தோற்று மாண்ட ஓர் அரசனைப் பற்றியது.

ஹொய்சள வமிசத்து மூன்றாம் வீர வல்லாளன், தன் தலைநகராகிய துவாரசமுத்திரம் 1311இல் மாலிக் காபூரின் படையெடுப்புக்கும், பின்னர்த் துக்ளக்கின் சேனைக்கும் இரையான பிறகு, திருவண்ணாமலையையே தன் இருப்பிடமாக்கிக்கொண்டு ஆண்டவன். மதுரை சுல்தானை எதிர்த்துக் கண்ணனூர்க் கொப்பத்தை அவன் பல மாத காலம் முற்றுகையிட்டதையும், கோட்டைக்குள் இருந்தவர்கள் கேட்டபடி 14 நாள் அவகாசம் அளித்து அசட்டையாக இருந்த வேளையில் சுல்தான் கியாசுதீன் திடீரென்று பாய்ந்து அவன் படையைச் சிதறடித்ததையும், எண்பது பிராயம் கடந்த அக்கிழவனைப் பிடித்து, பொருளையெல்லாம் கவர்ந்துகொண்டபின் கொன்று, உரித்த தோலில் வைக்கோலை அடைத்து மதுரை மதிலில் தொங்கவிட்டதையும், அத்தோலைத் தன் கண்ணாலேயே கண்ட இபன் பதூதா எழுதி வைத்திருக்கிறார். இது நடந்தது 1342ஆம் வருஷத்தை ஒட்டி. எழுதியவர் அந்தச் சுல்தானுக்கு உறவினர் என்பதனால், அரசன்மீது பரிவு காட்ட வேண்டிய அவசியம் அவருக்கு எதுவும் இல்லை; ஆகையால் அந்தச் சாக்ஷியம் இன்னும் கனமாகிறது.

அருணாசல புராணம் சொல்லும் வல்லாளன் கதை வேறு. பிள்ளையில்லாக் குறையோடு வாழ்ந்த மன்னனைச் சோதிக்க இறைவன் அடியவர் கோலத்தில் வந்து தாசி ஒருத்தியைக் கேட்க, ஊரில் ஒருத்தியும் அகப்படாத நிலையில் இளைய ராணி சல்லமாதேவி தானே முன்வர, அவள் தொட்ட கணத்தில் அடியவர் பச்சைக் குழந்தையாகி மறைந்தார் என்றும், மகனாக இருந்து உனக்கு அந்திமக் கடன் செய்வோம் என்று மன்னனுக்கு வாக்களித்தார் என்றும் அக்கதை கூறும்.

அந்த வாக்கு இன்றும் வருஷந்தவறாமல் நிறைவேற்றப்படுகிறது. அடி அண்ணாமலை வழியாகத் திருவூடல் வலம் முடித்த அதே உற்சவமூர்த்தி, தைப்பூசத்தன்று ஈசான்ய தீர்த்தத்தில் தீர்த்தவாரி கண்டு திரும்புகையில், வல்லாள மகாராஜன் போரில் மாண்ட செய்தி அவருக்குத் தெரிவிக்கப்படுகிறது. உடனே மேளம் நிற்க, நாகஸ்வரம் அடங்க, சுவாமி ஆரவாரமின்றிக் கோயிலுக்குத் திரும்புகிறார். மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டில் கௌதம நதிக் கரைக்கு எழுந்தருளி, புத்திர ஸ்தானத்தில் நின்று மன்னனுக்குத் திதி கொடுக்கிறார். அதனைத் தொடர்ந்து, தந்தைக்குப் பின் பட்டத்துக்கு வரும் பிள்ளையாக, கோயிலில் அவருக்கு முடிசூட்டு விழாவும் நடக்கிறது. உலகில் எத்தனையோ அரசர்களுக்குச் சிலையும் தபால்தலையும் நூற்றாண்டு விழாவும் உண்டு. தெய்வமே ஆற்றங்கரைக்கு வந்து தீட்டுக் கழிக்கும் பேறு இவனுக்கு வாய்த்திருக்கிறது.

மன்னன் இறந்தது மெய்யாகவே தை மாதத்தில்தானா என்று சரித்திரக்காரர் வினவலாம். வினவட்டும். மரணத்துக்கும் செய்தி வந்து சேர்வதற்கும், செய்திக்கும் கருமத்துக்கும் இடையிலுள்ள கால அளவைக்கூட இந்தச் சடங்கு விடாமல் நடித்துக் காட்டுகிறதே, அந்த நுட்பத்தைத்தான் நான் வியக்கிறேன்.

அவர்கள் வினவத்தக்க வேறொரு சங்கதியும் உண்டு. சாசனங்களின்படி வல்லாளன் மகனில்லாதவன் அல்லன். விருபாக்ஷன் என்னும் நான்காம் வல்லாளன் தந்தைக்குப் பின் 1343இல் முடிசூடிக்கொண்டு, மூன்று வருஷ காலம் பெயருக்கு ஆண்டான். 1346 வாக்கில் அவனும் மறைய, ஹொய்சள ராஜ்யம் விஜயநகரத்தில் கலந்துபோயிற்று. தகப்பனுக்கு அவன் என்ன கருமம் செய்தான், எந்தத் திதியில் செய்தான் என்பதற்கு எந்த ஆற்றங்கரையிலும் அடையாளம் இல்லை. அவன் மறைந்த நாளுக்கோ திதி கொடுப்பவர் ஒருவரும் இல்லை.