படம் எடுத்தவுடன் ஒரு பார்வை

மாணவர்களே, தீபாவளி நேரத்தில் பினாங்கு லிட்டில் இந்தியாவில் குடும்பத்தோடு ஒரு படம் எடுத்ததும் என்ன செய்வீர்கள்? உடனே கைப்பேசித் திரையில் பெரிதாக்கிப் பார்ப்பீர்கள். யாராவது கண்ணை மூடியிருந்தால் அங்கேயே இன்னொரு படம் எடுப்பீர்கள். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் பயனில்லை அல்லவா?

வானியலாளர்களுக்கும் இதே கவலை உண்டு. இந்தியாவின் லடாக் பகுதியில், ஹான்லேயில், சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் இமாலய சந்திரா தொலைநோக்கி இருக்கிறது. நோபல் பரிசு பெற்ற தமிழர் சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரைத் தாங்கிய இதன் ஆடியின் விட்டம் 2 மீட்டர். பெங்களூருக்கு அருகே ஹோசகோட்டேயில் அமர்ந்தபடியே செயற்கைக்கோள் இணைப்பு வழியாக இதை இயக்குகிறார்கள். 2013-இல் இதில் 'டிர்ஸ்பெக்' என்ற அகச்சிவப்புக் கருவி பொருத்தப்பட்டது.

அகச்சிவப்புப் படத்தில் ஒரு சிக்கல் உண்டு. நம் கண்ணுக்கு இருட்டாகத் தெரியும் வானம், அகச்சிவப்பில் ஒளிர்கிறது. மேல் வளிமண்டலத்தின் மூலக்கூறுகள் ஒளி உமிழ்கின்றன. காற்றும் தொலைநோக்கியும்கூட வெப்பக்கதிர் வீசுகின்றன. ஒரு படப்புள்ளியில் வானத்தின் ஒளி 10,000 அலகு, மங்கலான விண்மீனின் ஒளி 50 அலகு என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 10,050. எடுத்த படத்தை அப்படியே பார்த்தால் விண்மீன் தெரியவே தெரியாது.

வழி என்ன? தொலைநோக்கியைச் சிறிது சிறிதாக நகர்த்தி ஐந்து படங்கள் எடுக்கிறார்கள். ஒவ்வொரு படத்திலும் விண்மீன் வேறு இடத்தில் விழும். வானத்தின் ஒளியோ ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஒவ்வொரு படப்புள்ளிக்கும் ஐந்து மதிப்புகளை வரிசைப்படுத்தி நடுவில் உள்ளதை எடுத்தால், விண்மீன்கள் மறைந்து வானம் மட்டும் மிஞ்சும். அதை ஒவ்வொரு படத்திலிருந்தும் கழித்தால் விண்மீன் வெளிப்படும். வானத்தின் ஒளி சில நிமிடங்களிலேயே மாறுவதால், ஐந்து படங்களையும் அடுத்தடுத்து எடுக்க வேண்டும்.

உடனடிப் பார்வை மென்பொருள் இந்தக் கழித்தலைச் சில நொடிகளில் செய்து காட்டும். விண்மீன் கூர்மையாக இருக்கிறதா, தேடிய பொருள் படத்துக்குள் வந்ததா, ஒளி மிகுந்து படப்புள்ளி நிறைந்துவிட்டதா என்று பார்த்து, தவறு இருந்தால் அந்த இரவே திருத்தலாம். திடீரென ஒளிர்ந்து மங்கிவரும் நோவா விண்மீன், தவறவிட்ட இரவைத் திருப்பித் தராது.

ஆனால், இது இறுதி முடிவு அல்ல. துல்லியமான அளவீட்டுக்குப் படப்புள்ளிகளின் உணர்திறன் வேறுபாடு முதலியவற்றைப் பின்னர் பொறுமையாகச் சரிசெய்ய வேண்டும்.

நீங்களே சோதிக்கலாம். லிட்டில் இந்தியாவின் மார்க்கெட் ஸ்திரீட்டில், வீதி ஓரமாகக் கைப்பேசியை அசையாமல் நிறுத்தி, சில நொடி இடைவெளியில் ஐந்து படங்கள் எடுங்கள். கணினியில் ஒவ்வொரு புள்ளிக்கும் நடு மதிப்பை எடுத்தால், நடந்துபோனவர்கள் பெரும்பாலும் மறைந்து வீதி மட்டும் நிற்கும். அங்கே மறையும் மனிதர்கள்தாம் ஹான்லேயில் விண்மீன்கள்!