கண்ணாடித் தொட்டியில் மீனும் நீர்ப்பூண்டும் வளர்த்தல்

நகரங்களில் மட்டுமன்றிக் கிராமங்களிலும் இப்போது அநேக வீடுகளின் கூடத்தில் கண்ணாடித் தொட்டியொன்று வைத்து, அதில் பொன்மீன் முதலியவற்றை விட்டு வளர்க்கும் வழக்கம் பரவியிருக்கிறது. ஆசையோடு வாங்கிவந்த மீன்கள் பத்து நாளைக்குள் ஒவ்வொன்றாய் மேலே மிதக்கக் கண்டு, "நம் வீட்டுத் தண்ணீர் ராசியில்லை" என்று தொட்டியைப் பரணில் ஏற்றிவிடுவோரும் உண்டு. இதில் ராசிக்கு இடமே இல்லை. மண்ணின் குணமறிந்து எருவிடத் தெரிந்த குடியானவருக்கு இக்கலை சற்றும் கடினமன்று. இவ்விஷயத்தை விவசாயப் பத்திரிகையில் எடுத்துப் பேசுவதற்கு ஏரிக்கரையைப் பற்றிய மற்றொரு காரணமும் உண்டு; அதைப் பின்னர்க் கூறுவோம்.

மீனையும் பூண்டையும் ஒரே பாத்திரத்தில் வைத்து வளர்க்கும் முறையை விளக்கிக் காட்டியவர் லண்டனிலிருந்த ராபர்ட் வாரிங்டன் என்னும் ரசாயன நிபுணர். சுமார் 12 காலன் கொள்ளும் பாத்திரமொன்றில் இரண்டு பொன்மீன்களையும், வாலிஸ்நேரியா என்னும் நாடாப்போன்ற இலையுடைய நீர்ப்பூண்டையும் அவர் வைத்தார். சில காலத்தில் பழுத்த இலைகள் அழுகித் தண்ணீர் கலங்கிற்று. அழுகலைத் தின்னும் குளத்து நத்தைகளைச் சேர்த்தபின் தண்ணீர் மீண்டும் தெளிந்தது. இதை அவர் 1850-ல் வெளியிட்டார். 1853-ல் லண்டன் மிருகக்காட்சிச் சாலையில் பொதுஜனங்கள் பார்வையிடத்தக்க மீன்சாலை திறக்கப்பட்டது.

வாரிங்டனின் சோதனையைக் கேட்பவர், பூண்டு இருந்தாலே மீனுக்கு வேண்டிய பிராணவாயு எந்நேரமும் கிடைத்துவிடும் என்று எண்ணக்கூடும். அது சரியன்று. வெளிச்சத்தில் பூண்டுகள் பிராணவாயுவை வெளிவிடுவது உண்மையே. ஆனால் இரவில் அவையும் மீனைப்போலவே அதை உட்கொள்ளுகின்றன. ஆகையால் விடியற்காலையில்தான் தொட்டித் தண்ணீரில் பிராணவாயு மிகக் குறைந்திருக்கும். அச்சமயத்தில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், தொட்டியில் மீன் மிகுந்துவிட்டது அல்லது அழுகல் சேர்ந்துவிட்டது என்று அறிதல் வேண்டும். உஷ்ணமும் இதற்குத் துணைபோகிறது. 20 டிகிரி உஷ்ணத்தில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயுவைக் கரைத்து வைத்திருக்கும். நம் கோடைகாலத்து 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராமுக்குமேல் நில்லாது.

காற்றிலுள்ள பிராணவாயு தண்ணீரின் மேற்பரப்பு வழியாகவே உட்செல்லுவதால், தொட்டியின் ஆழத்தைவிட அகலமே முக்கியம். கழுத்துக் குறுகிய உருண்டைக் கண்ணாடிக் குடம் பார்வைக்கு அழகாயிருக்கலாம். மீனுக்கு அது சிறைதான். 2 அடி நீளமும், 1 அடி அகலமும், 1 அடி உயரமும் உள்ள தொட்டி ஏறக்குறைய 56 லிட்டர் கொள்ளும். தண்ணீரின் எடையே 56 கிலோ ஆகிறபடியால் ஆட்டங்காணாத மேசையின்மேல், நேர் வெயில் படாத இடத்தில் வைக்கவேண்டும். வெயில் பட்டால் பச்சைப்பாசி படர்ந்து கண்ணாடியை மறைத்துவிடும். முற்றத்தில் சிமெண்டுத் தொட்டி கட்டுவோர், புதுச் சிமெண்டிலிருந்து காரம் கரைந்து வருவதால், வாழைத்தண்டுத் துண்டங்களைப் போட்டு ஊறவைத்துப் பலமுறை தண்ணீர் மாற்றிய பின்னரே மீன் விடவேண்டும்.

இனி, புதுத்தொட்டி மீன்கள் சாவதன் முக்கிய காரணத்தைக் கவனிப்போம். மீனின் கழிவிலிருந்தும், தின்னாமல் மிஞ்சிய தீனியிலிருந்தும் அமோனியா உண்டாகிறது. அது மீனுக்குக் கொடிய விஷம். நாம் புன்செய் நிலத்தில் அமோனியம் சல்பேட்டு இடும்போது, மண்ணிலுள்ள பாக்டீரியா என்னும் நுண்ணிய ஜீவராசிகள் அமோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன அல்லவா? அவ்வினத்தைச் சேர்ந்தவையே தொட்டியின் மணலிலும் கற்களிலும் குடியேறி அதே வேலையைச் செய்கின்றன. நைட்ரைட்டும் மீனுக்கு ஆகாது. நைட்ரேட்டோ சிறிது சேர்ந்தால் தீங்கில்லை, பூண்டுகள் அதை எருவாக எடுத்துக்கொள்ளும். இந்த ஜீவராசிகள் போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரம் செல்லும். அதற்குள் ஒரே நாளில் பத்து மீனை விட்டால் அவை விஷத்திலே நீந்துகின்றன என்றே கொள்ளவேண்டும். உவர்க் கிணற்றுத் தண்ணீரைப்போன்ற காரத்தன்மை மிகுந்த தண்ணீரில் அமோனியாவின் கொடுமை இன்னும் அதிகம்.

எனவே மணலும் பூண்டும் இட்டுத் தண்ணீர் நிரப்பி, முதலில் ஒன்றிரண்டு சிறுமீன்களை மாத்திரம் விட்டு, சொற்பத் தீனியுடன் ஒரு மாதம் பொறுத்திருப்பது நலம். நோயில்லாத பழைய தொட்டியொன்றிலிருந்து ஒரு கை மணலை ஈரம் உலராமல் எடுத்துவந்து போட்டால், பாலுக்கு உறை ஊற்றியதுபோல வேலை சீக்கிரம் நடக்கும். 'சுத்தம்' என்று கருதி வாரந்தோறும் தொட்டியைக் கவிழ்த்து மணலைத் தேய்த்துக் கழுவுவோர், தமக்கு உழைக்கும் வேலைக்காரரைத் தாமே விரட்டியடிக்கிறார்கள். வாரம் ஒருமுறை கால்பங்கு தண்ணீரை மாத்திரம் எடுத்து, அவ்வளவு புதுத் தண்ணீர் விடுவது போதுமானது.

குழாய்த் தண்ணீரில் குளோரின் கலந்திருந்தால், அகன்ற பாத்திரத்தில் ஒருநாள் திறந்து வைத்து உபயோகிக்கலாம். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் பிராணவாயு மிகக் குறைவு. அதையும் உயரத்திலிருந்து ஊற்றிக் காற்றாட வைக்கவேண்டும். நம்மவர் எல்லோரும் மனத்தில் வைக்கவேண்டியது ஒன்று: மருந்து தெளிக்கும் வாளியும், கைப்பம்பும், மருந்து கலக்கிய கோலும் இத்தொட்டியின் அருகில் வரலாகாது. சைபர்மெத்ரின் முதலிய பூச்சிமருந்துகள் அற்ப அளவிலேயே மீனைக் கொல்லவல்லவை. இதை எழுதுபவனே ஒருசமயம் செய்முறை காட்டிவிட்டு வந்து, சரிவரக் கழுவாத வாளியால் தன் வீட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றினான். மறுநாள் காலையில் ஒரு மீனும் மிஞ்சவில்லை. வயலில் தெளித்த மருந்து வடிகால் வழியே ஏரிக்குச் செல்லும்போது அங்கு என்ன நேருகிறதென்பது அன்றுதான் எனக்குக் கண்கூடாயிற்று.

மீன்களைத் தேர்ந்தெடுப்பதில் சென்னைக் கொளத்தூரைப் போன்ற வியாபார ஸ்தலங்களில் காணும் பளபளப்பில் மயங்கவேண்டியதில்லை. பொன்மீன் கெண்டை இனத்தைச் சேர்ந்தது. சீன தேசத்தார் ஆயிரம் ஆண்டுகளுக்குமேல் பழக்கி உண்டாக்கியது. பெரிதாக வளரும், கழிவும் மிகுதி. சிறிய தொட்டிக்கு ஏற்றதன்று. நம் வாய்க்காலிலுள்ள சிறு கெண்டைப்பொடிகளும், அடியில் கிடந்து மிச்சத் தீனியைப் பொறுக்கும் அயிரையும், உச்சந்தலையில் வெள்ளிப்புள்ளியுடன் நீர்மட்டத்தில் திரிந்து கொசுப்புழுவைத் தின்னும் சிறுமீனும் நம் உஷ்ணத்துக்குப் பழகியவை. பனையேறிக் கெண்டை வளர்ப்போர் தொட்டிக்கு மூடி போடுவது அவசியம். செவுளுக்கு மேலுள்ள தனியுறுப்பால் அது காற்றையே சுவாசிக்க வல்லது. ஈரமுள்ள தரையில் ஊர்ந்தும் செல்லும். 1791-ல் தரங்கம்பாடியில் இருந்த டால்டார்ப் என்ற டேனிஷ் சேனாதிகாரி, இம்மீனைப் பனைமரத்தில் கண்டெடுத்ததாக எழுதிவைத்தார். காகமோ பருந்தோ தூக்கிச்சென்று போட்டிருக்கும் என்பது பிற்கால ஆராய்ச்சியாளர் கருத்து. மீனின் பெயர் மாத்திரம் நிலைத்துவிட்டது.

தீனி நாளைக்கு இருவேளை, இரண்டு மூன்று நிமிஷத்தில் தின்று முடிக்குமளவே போதும். மாட்டுக்குத் தொட்டி நிறையத் தவிடு வைத்துப் பழகிய கை இங்கே அடங்கவேண்டும்.

முதலில் குறிப்பிட்ட ஏரிக்கரை விஷயத்துக்கு வருவோம். வளர்த்துச் சலித்தவரும், ஊர் மாறிப் போவோரும், கொல்ல மனமின்றி மீன்களையும் பூண்டுகளையும் ஏரியிலோ கோயில் குளத்திலோ விட்டுவிடுகிறார்கள். புண்ணியமென்று கருதியே சிலர் செய்கிறார்கள். இதன் பலன் என்ன? தென் அமெரிக்காவைச் சேர்ந்த ஆகாயத்தாமரை, பூவழகுக்காக 1890-களில் வங்காளத்திற்கு வந்தது. அதைத் தடுக்க 1936-ல் அங்கே தனிச் சட்டமே செய்ய நேர்ந்தது. ஏற்ற இடத்தில் அது இரு வாரங்களில் இரட்டிப்பாகும். அது நம் ஏரிகளிலும் கால்வாய்களிலும் படும்பாட்டைச் சொல்லவேண்டியதில்லை. இதற்கு மாறாக, நம் நாட்டிலும் இலங்கையிலும் இயற்கையாக உள்ள ஹைட்ரில்லாப் பாசி, 1950-களின் தொடக்கத்தில் தொட்டி வியாபாரத்துக்காக இலங்கையிலிருந்து அமெரிக்காவின் பிளாரிடா மாகாணத்துக்குச் சென்றது. 1960-ல் அங்குள்ள நீர்நிலைகளில் தலைகாட்டி, பின்னர்ப் பெருந்தொல்லையாய் விட்டது. ஒரு கணுத்துண்டு போதும், அது முளைத்துவிடும்.

பூண்டைவிடக் கவலைக்குரியது, 'டேங்க் கிளீனர்' என்று விற்கப்படும் கருமையான செதிளோட்டு மீன். இதுவும் தென் அமெரிக்காவினது. கடையில் விரற்கடை அளவு இருப்பது ஒன்றரை அடி வரையிலும் வளரும். தமிழ்நாட்டு நீர்நிலைகள் பலவற்றில் இது இப்போது பெருகியிருக்கிறது. அதன் முள் மீனவர் வலையைக் கிழிக்கிறது, தின்பாரும் இல்லை. ஆண்மீன் முட்டையிடும் காலத்தில் நீர்மட்டத்தை ஒட்டிய களிமண் கரையில் மூன்று நான்கு அடி ஆழத்துக்குக் குடைகிறது. பிளாரிடாவிலும் மெக்சிகோவிலும் இவ்வளைகளால் கரைகள் சரிந்திருக்கின்றன. மண்கரையை நம்பியே பாசனம் நடத்தும் நம் கிராமங்கள் இதை அலட்சியம் செய்தல் தகாது. கோடையில் தண்ணீர் வற்றும்போது கிராம அதிகாரிகள் கரையின் உட்சரிவைச் சுற்றிப்பார்த்து, முழங்கை நுழையும் வளைகள் கூட்டமாகத் தென்பட்டால் மழைக்குமுன் களிமண்ணிட்டு இறுக்கி மூடச் செய்யவேண்டும். மீன் குத்தகைக்காரரிடமும், வலையில் வரும் இம்மீனைத் திரும்ப ஏரியில் எறியாதபடி முன்கூட்டியே சொல்லிவைப்பது நலம். கரையில் எறிந்தாலும் அது பல மணி நேரம் உயிரோடிருக்கும்; ஆழமாய்ப் புதைப்பதே வழி.

வேண்டாத மீனை விற்ற கடையிலேயே திருப்பிக் கொடுக்கலாம், அல்லது வேறு தொட்டி வைத்திருப்பவரிடம் சேர்க்கலாம். கழித்த பூண்டுகளைப் பாறைமீது பரப்பிச் சருகாக வெயிலில் உலர்த்தி, பின்னர் எருக்குழியில் இடவேண்டும். ஈரத்தோடு வாய்க்கால் ஓரத்தில் கொட்டலாகாது. வாரந்தோறும் எடுக்கும் கால்பங்குத் தண்ணீரில் நைட்ரேட்டு இருப்பதால் கொல்லையிலுள்ள கறிவேப்பிலைக்கும் வாழைக்கும் ஊற்றலாம். அப்போதும் அத்தண்ணீர் வடிகாலில் இறங்காதபடி பாத்தி கட்டிக்கொள்ளவேண்டும். கண்ணுக்குத் தெரியாத மீன்குஞ்சும் நத்தை முட்டையும் அதில் இருக்கக்கூடும்.