உம்மா சொன்னதும் எழுதியவர் சேர்த்ததும்: ஆங்கில முறைப்பாட்டில் அடைப்புக்குறிகள்

கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, அக்கரைப்பற்று என்று எங்கு போனாலும், யுத்தத்தில் உறவைத் தொலைத்த வீட்டில் பழைய முறைப்பாட்டுப் பிரதிகளுடன் ஒரு கோப்பு இருக்கும். 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான காணாமல்போனோர் பற்றிய அலுவலகத்துக்குத் தமிழிலேயே எழுதலாம். ஆனால் வலிந்து காணாமல் ஆக்கப்படுதல் தொடர்பான ஐ.நா. செயற்குழுவுக்கு ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிய மொழிகளில் ஒன்றிலேயே அனுப்ப வேண்டும். அப்போது உம்மா சொல்ல, வேறொருவர் ஆங்கிலத்தில் எழுதுகிறார். எது அவர் சொன்னது, எது எழுதியவர் சேர்த்தது என்பதைச் சில சிறு குறிகளே காட்டுகின்றன.

வளைந்த அடைப்பு ( ): சொல்பவரின் கூற்றிலேயே வரும் மேலதிக விபரத்துக்கு உரியது. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், ஊரில் இன்னொரு பெயர் என்றால் இரண்டாவதை இதற்குள் எழுதலாம். அதை நீக்கினாலும் வசனம் முழுமையாக நிற்க வேண்டும். அடைப்புக்குள் இருப்பது வசனத்தின் ஒரு பகுதியானால் முற்றுப்புள்ளி வெளியே வரும். தனி வசனமானால் உள்ளே வரும்.

சதுர அடைப்பு [ ]: மேற்கோளுக்குள் எழுதுபவர் சேர்க்கும் சொல்லுக்கு உரியது. "சாச்சாவ ஏத்திட்டுப் போனாங்க" என்கிறார் ஒருவர். சாச்சாவுக்கும் மாமாவுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல்தான். எனவே [தந்தையின் தம்பி] என்று சேர்ப்பது சரி. ஆனால் "போனாங்க" என்பதற்கு [இராணுவத்தினர்] என்றோ [ஆயுதக் குழுவினர்] என்றோ ஊகித்து எழுதுவது சாட்சியத்தையே மாற்றிவிடும். யார் என்று அவரிடமே கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் அப்படியே விடுங்கள்.

முப்புள்ளி ...: மேற்கோளில் சொற்களை விட்ட இடத்தைக் காட்டும். "முகம் தெரியல்ல, ஆனா குரல் தெரியும்" என்பதை "முகம் தெரியல்ல..." என்று வெட்டினால், குறி சரிதான், சாட்சியம் போய்விடும். பேச்சு தடைப்பட்டு நின்ற இடத்துக்கும் இதே மூன்று புள்ளிகளே இடப்படுகின்றன. அதனால் விட்ட இடத்தை [...] என்று சதுர அடைப்புக்குள் இடுவது நல்லது.

அனுப்புமுன் முழுவதையும் தமிழில் திருப்பிச் சொல்லிக் காட்டுங்கள். அடைப்புக்குள் சேர்த்ததையும் புள்ளியிட்டு விட்டதையும் தனியாகச் சொல்லுங்கள். ஏனெனில் கையொப்பம் அவருடையது.