ஆங்கிலத்தில் கத்தினால் பிடிக்கும், தமிழில் கத்தினால் விட்டுவிடும்!

இணைய விவாதக்களம் பத்துப் பேருக்கு என்றால் எந்த மென்பொருளும் போதும். பத்தாயிரம் பேர் வந்து இறங்கும்போதுதான் அதன் சாயம் வெளுக்கும், தெரியுமா?

ஆரம்பத்தில் இந்தச் சிக்கலே இல்லை. 1978 ஜனவரி. சிகாகோவில் பனிப்புயல். வீட்டில் அடைபட்ட வார்ட் கிறிஸ்டென்சன், ராண்டி சூஸ் என்ற நண்பரோடு சேர்ந்து வேலையில் இறங்கினார். பிப்ரவரி 16-ல் தொலைபேசி வழியே இயங்கும் கணினி அறிவிப்புப் பலகை தயார்! இருந்தது ஒரே ஒரு போன் லைன். ஒருவர் உள்ளே இருந்தால் அடுத்தவருக்கு 'எங்கேஜ்டு'. சண்டை போட ஆள் சேர்ந்தால்தானே மாடரேட்டர் தேவைப்படும்?

பிறகு கூட்டம் சேர்ந்தது. சமாளிக்க மெட்டாஃபில்டர் தளம் என்ன செய்தது தெரியுமா? 2004-ல் சேர்க்கைக் கட்டணம் வைத்தது. வெறும் 5 டாலர்தான்! ஸ்லாஷ்டாட் தளம் வேறு வழி பிடித்தது: வழக்கமாக வரும் வாசகர்களில் சிலரைக் குலுக்கி எடுத்து, 5 புள்ளிகள் கொடுத்து, மற்றவர்களின் கருத்துகளை எடைபோடச் சொன்னது. 3 நாளில் செலவழிக்காவிட்டால் புள்ளி காலாவதி. அதிகாரம் யார் கையிலும் தங்காது!

இந்த வித்தைகளையெல்லாம் மென்பொருளுக்குள்ளேயே பூட்டிவைத்தால்? ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற கேள்வி-பதில் தளத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவரான ஜெஃப் அட்வுட், ராபின் வார்டோடும் சாம் சாஃப்ரனோடும் சேர்ந்து 2013-ல் வெளியிட்ட டிஸ்கோர்ஸ் என்ற விவாதக்கள மென்பொருள் அப்படிப்பட்டது. புதியவர் 0-ம் நிலை. 5 தலைப்புகளைத் திறந்து, 30 பதிவுகளைப் படித்து, 10 நிமிடம் செலவழித்தால் 1-ம் நிலை. கவனியுங்கள், எழுதினால் அல்ல, படித்தால் பதவி உயர்வு! 3-ம் நிலைக்கு, கடந்த 100 நாளில் 50 நாளாவது தலைகாட்டியிருக்க வேண்டும். அப்புறம் வராமல் போனால் பதவியும் போகும். ஒரே ஆள் விடாமல் பதில் போட்டால் "மற்றவர்களும் பேசட்டுமே" என்ற தொனியில் ஒரு குறிப்பு எட்டிப்பார்க்கும். இருவர் மட்டும் மல்லுக்கு நின்றால் தனிச்செய்திக்குப் போகச் சொல்லும். இந்த ஒன்றுக்கே என் ஓட்டு டிஸ்கோர்ஸுக்கு.

முழுக்கப் பெரிய எழுத்தில் ஆங்கிலம் அடித்தால், அது கத்தல் என்று பதிவைத் தடுத்துவிடும். தமிழில்தான் பெரிய எழுத்தே கிடையாதே! எவ்வளவு கத்தினாலும் அதன் காதில் விழாது. நமக்கு ஒரு சலுகையும் உண்டு. பதிவுக்கு 20 எழுத்தாவது வேண்டும் என்பது விதி. நமக்கு 'நன்றி' மூன்றெழுத்து. மென்பொருள் எண்ணும் யூனிகோடு கணக்கில் ஐந்து!

அழகான முகப்பைப் பார்த்து மயங்குகிறவர்கள் கேட்க மறக்கும் கேள்வி: பழைய வீட்டைக் காலி செய்ய முடியுமா? பிஎச்பிபிபி, விபுல்லட்டின் போன்ற மென்பொருள்களில் ஓடும் களங்களிலிருந்து பதிவுகளை அள்ளிவர டிஸ்கோர்ஸில் நிரல்கள் தயாராக இருக்கின்றன. கடவுச்சொற்கள் மட்டும் வழக்கமாகக் கூட வராது. குறை என்று சலிக்காதீர்கள். 2013 ஜூலையில் விபுல்லட்டினில் ஓடிய உபுண்டு இயங்குதளத்தின் விவாதக்களத்தை உடைத்தவர்கள் சுமார் 18 லட்சம் பேரின் விவரங்களை அள்ளிப்போனார்கள். பழைய கடவுச்சொல் தொலைவதே நல்லது.

ஆனால் குடிபெயரும் முன் களத்தின் மின்னஞ்சல் ஒழுங்காகப் போகிறதா என்று பாருங்கள். 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' பொத்தானை அன்றைக்கு எல்லாரும் ஒன்றாக அழுத்துவார்கள்!