பானைக்குச் சாப்பிட்டவர்கள்

தாமிரபரணிக் கரையில் பிறந்து வளர்ந்த ஒருத்தியிடம் போய், "அம்மா, இனிமேல் சோற்றைக் குறைத்துக்கொள்" என்று சொல்லிப் பாருங்கள். ஏதோ சொத்தில் பங்கு கேட்டதுபோல் உங்களைப் பார்ப்பாள்! அவளைச் சொல்லிக் குற்றமில்லை. பாபநாசத்தில் மலையை விட்டு இறங்குகிற ஆறு, அம்பாசமுத்திரம், சேரன்மாதேவி, திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம் என்று போகிற வழியெல்லாம் அணைக்கட்டும் கால்வாயுமாக நெல்லைத்தான் விளைவித்துக்கொண்டு போகிறது. கார் என்று ஒரு பூ, பிசானம் என்று ஒரு பூ. ஊரின் பெயரிலேயே நெல் இருக்கிறது. போதாக்குறைக்கு அம்பாசமுத்திரத்தில் 1937-ஆம் வருஷத்திலிருந்து நெல் ஆராய்ச்சி நிலையம் வேறு. அங்கே பிறந்த 'அம்பை 16' என்னும் குண்டரிசியை ஒருநாளாவது தொடாத இட்லிப் பானை நம் பக்கத்தில் உண்டா?

இப்பேர்ப்பட்ட சீமையில், சோற்றைக் குறைத்து உடம்பை இளைக்க வைத்த பெண்மணிகள் மூவரைச் சந்தித்தேன். பெயரைப் போடக் கூடாது என்று மூவரும் சொல்லிவிட்டார்கள். எடையை வேண்டுமானால் போட்டுக்கொள்ளலாமாம். இளைத்த பிறகு எடையைச் சொல்வதில் ஒரு பெருமை இருக்கத்தானே செய்யும்?

இது நேற்று முளைத்த நாகரிகம் என்று நினைத்துவிட வேண்டாம். லண்டனில் வில்லியம் பாண்டிங் என்று ஒரு மனிதர் இருந்தார். ராஜ குடும்பத்தின் இறுதிச் சடங்குகளுக்கு ஏற்பாடு செய்து கொடுக்கும் தொழில் அவருடைய குடும்பத்துக்கு. ஐந்தடி ஐந்து அங்குல உயரம். 1862-இல் எடை 202 ராத்தல். குனிந்து பூட்ஸுக்குக் கயிறு கட்ட முடியாது. மாடிப்படியில் பின்பக்கமாகத்தான் இறங்குவாராம். இளைப்பதற்காகக் காலையில் தேம்ஸ் நதியில் படகு வலித்தார். உடம்பில் வலு ஏறியது. கூடவே அகோரப் பசியும் ஏறியது. தைப்பூச மண்டபத் துறையிலோ குறுக்குத்துறையிலோ முங்கிக் குளித்துவிட்டு வீடு திரும்பிய யாருக்கும் இந்தப் பசியை விளக்க வேண்டியதில்லை!

கடைசியில் காது மந்தம் என்று ஹார்வி என்ற டாக்டரிடம் போனார் பாண்டிங். டாக்டர் காதைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார். ரொட்டி, சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு ஆகியவற்றை நிறுத்தச் சொன்னார். ஒரு வருஷத்தில் 46 ராத்தல், அதாவது சுமார் 21 கிலோ குறைந்தது. அந்தச் சந்தோஷத்தில் 1863-இல் தம் அனுபவத்தை ஒரு சிறு பிரசுரமாக அச்சடித்து இனாமாகவே கொடுத்தார் மனிதர். 'பாண்டிங்' என்றாலே பத்தியம் என்று இங்கிலீஷில் அர்த்தம் ஆகிவிட்டது. மாமிசத்தோடு அவர் தினமும் ஒயினும் அருந்தினார் என்ற விஷயத்தை மட்டும் நம் வீட்டு ஆண்கள் காதில் போடாமல் இருப்பது நல்லது.

பிறகு 1972-இல் அமெரிக்காவில் அட்கின்ஸ் என்ற டாக்டர் இதையே புத்தகமாக எழுதிப் பிரபலப்படுத்தினார். தமிழில் நியாண்டர் செல்வன் எழுதிய 'பேலியோ டயட்' என்ற புத்தகம் பல வீடுகளில் பாதாம் பருப்பையும் வெண்ணெயையும் கொண்டுவந்து இறக்கியது. தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் நூற்றுக்குப் பதினான்கு பேருக்கு மேல் சர்க்கரை வியாதி இருப்பதாக 2023-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு சொல்கிறது. சோற்றுத் தட்டைப் பார்த்து ஜனங்கள் யோசிக்க ஆரம்பித்ததில் ஆச்சரியம் என்ன?

முதலில் என் மதினியின் கதை. வயது நாற்பத்தாறு, எடை 82 கிலோ, ஆறு வருஷமாகச் சர்க்கரைக்கு மாத்திரை. அவளுடைய தோழி ஒருத்தி சொன்னாள் என்று ஒரு திங்கட்கிழமை அதிகாலையில் தீர்மானம் செய்துவிட்டாள். காலையில் இட்லிக்குப் பதில் இரண்டு முட்டை. மத்தியானம் கீரையும் அவரைக்காயும் மீன் குழம்பும். சோறு கிடையவே கிடையாது. ராத்திரி சுரைக்காய்க் கூட்டும் மோரும்.

என் அம்மைக்குத் தாங்கவில்லை.

"ஏளா, இது என்ன கூத்து? வீட்டுல குத்துக்கல்லாட்டம் சோறு இருக்கு, நீ வேண்டாங்கியே? விளக்கு வச்ச வீட்டுல சோத்தை வேண்டாம்னு சொல்லலாமா?"

"ஒண்ணும் ஆகாது அத்தை. எடை குறையட்டும், பொறவு சாப்பிடுதேன்."

பத்து நாளில் மூன்று கிலோ குறைந்தது! அண்ணனே அசந்துபோனான். பதினோராம் நாள் மத்தியானம் துணி காயப்போடப் போனவள், கையெல்லாம் நடுங்கி, குப்பென்று வியர்த்து, மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பேச்சு குழறியது. நல்லவேளையாக அம்மைக்கு விஷயம் புரிந்தது. மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து வாயில் புகட்டினாள். பத்துப் பதினைந்து நிமிஷத்தில் மதினி தெளிந்தாள்.

டாக்டர் திட்டவில்லை, ஆனால் விளக்கினார். சர்க்கரையை இறக்கும் சில மாத்திரைகள், நீங்கள் சோறு சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் தம் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். மாவுச்சத்து உள்ளே வராதபோது, ரத்தத்தில் இருக்கிற கொஞ்சநஞ்சச் சர்க்கரையையும் இறக்கிவிடும். படியிலே உட்கார்ந்தது அதனால்தான். "பத்தியத்தை மாற்றுகிற அன்றைக்கே மாத்திரையையும் மாற்ற வேண்டும் அம்மா, அதை நான்தான் செய்ய வேண்டும், உங்கள் தோழி அல்ல" என்றாராம். மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். மத்தியானம் மட்டும் ஒரு கரண்டிச் சோறு வைத்துக்கொள்ளச் சொன்னார்.

இன்னொரு விஷயமும் சொன்னார். அதைக் கேட்டு மதினிக்குக் கொஞ்சம் வருத்தம்தான். முதல் பத்து நாளில் போன மூன்று கிலோவில் பெரும்பகுதி தண்ணீராம்! நாம் சாப்பிடும் மாவுச்சத்தில் ஒரு பங்கை ஈரலும் தசைகளும் சேமித்து வைக்கின்றன. அந்தச் சேமிப்பு ஒவ்வொரு கிராமும் தன்னோடு சுமார் மூன்று கிராம் தண்ணீரைக் கட்டி வைத்திருக்கும். சோற்றை நிறுத்தியதும் சேமிப்பு கரைகிறது, தண்ணீரும் வெளியேறுகிறது. கொழுப்பு கரைவது அதற்குப் பிறகு, நிதானமாக, நம் பொறுமையைச் சோதித்துக்கொண்டுதான். மறுபடி இரண்டு நாள் வயிறாரச் சோறு சாப்பிட்டால் ஒன்றரைக் கிலோ திடீரென்று ஏறி நிற்பதும் இதனால்தான். அதைப் பார்த்து, "எல்லாம் போச்சு" என்று கைவிடுகிறவர்கள் அநேகம்.

மதினி கைவிடவில்லை. ஏழு மாதத்தில் 71 கிலோவுக்கு வந்தாள். நடுவில் ஒரு கல்யாணம் குறுக்கிட்டது. மறுவீட்டு விருந்தில் சொதி இல்லாமல் இருக்குமா? தேங்காய்ப்பால் மணக்க மணக்கச் சொதியும், தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடியும் பரிமாறினார்கள். மதினி சோற்றை ஒதுக்கிவிட்டு, சொதியை டம்ளரில் வாங்கிப் பாயசம்போல் குடித்தாள். "இது எந்த ஊர் வழக்கம்?" என்று பந்தியில் ஒரு பெரியவர் கேட்டார். "எடை மிஷின் ஊர் வழக்கம், சித்தப்பா" என்றாள்!

இரண்டாமவர் வண்ணார்பேட்டையில் இருக்கும் ஒரு பெண். இருபத்தெட்டு வயது, ஆபீஸ் உத்தியோகம். கல்யாணத்துக்குள் இளைக்க வேண்டும் என்ற அவசரம். சோறு, பருப்பு, பழம் எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தினார். முதல் வாரம் தலைவலியும் அசதியும், பிறகு மலச்சிக்கல். மூன்று மாதத்தில் 12 கிலோ குறைந்தது. நாலாவது மாதம் தலை சீவும்போது சீப்பு நிறைய முடி. எந்தப் பத்தியமானாலும் எடை சடாரென்று இறங்கினால், இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொட்டுவது உண்டு. பெரும்பாலும் பிறகு வளர்ந்துவிடும். ஆனால் கல்யாணப் பெண்ணிடம் போய் அந்தச் சமாதானத்தைச் சொல்ல முடியுமா? பத்தியத்தை அடியோடு விட்டார். வருஷம் முடிவதற்குள் ஒன்பது கிலோ திரும்பி வந்துவிட்டது.

மூன்றாமவர்தான் எனக்கு மிகவும் பிடித்தவர். பாளையங்கோட்டையில் வசிக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியை, சுத்த சைவம். முட்டை என்ற பேச்சே இல்லை. "நான் எந்தப் புத்தகமும் படிக்கவில்லை, ஒரு வாரம் கணக்கு எழுதினேன்" என்றார். கணக்கு டீச்சர் அல்லவா!

அந்தக் கணக்கில் என்ன தெரிந்தது? காலையில் எல்லாருக்கும் தோசை வார்த்துவிட்டு, மாவு மிஞ்சியதே என்று தமக்கு ஐந்து. மத்தியானம் எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு பானையில் அடியில் இருக்கும் சோறு, பொரியல் தீர்ந்துபோனதால் வெறும் ரசத்தோடு. பேரன் தட்டில் மீந்தது, பார்க்க மனசில்லாமல். சாயங்காலம் பழசு ஆகிவிடுமே என்று இரண்டு முறுக்கு.

"நான் என் வயிற்றுக்குச் சாப்பிட்டதே இல்லை அம்மா. நாற்பது வருஷமாகப் பானைக்குச் சாப்பிட்டிருக்கிறேன்" என்றார்.

வீட்டிலே காய்கறியும் பருப்பும் முதலில் தீர்ந்து, கடைசியில் சாப்பிடுகிறவளுக்குச் சோறுதான் மிஞ்சுகிறது என்பதை எந்தப் பத்திய புத்தகமும் எழுதக் காணோம். அம்மையார் இரண்டு மாற்றங்கள் செய்தார். சமையல் முடிந்ததும் தமக்குரிய கூட்டு, பொரியல், பருப்பு எல்லாவற்றையும் முதலிலேயே ஒரு பாத்திரத்தில் எடுத்து மூடி வைத்துவிடுவார். மூன்று உழக்கு அரிசி போட்ட இடத்தில் இரண்டு உழக்குதான் உலையில் போடுவார். நயினார்குளம் மார்க்கெட்டில் வாங்கும் வெண்பூசணி, புடலங்காய், வாழைத்தண்டு எல்லாம் இரட்டிப்பாயின. சேனையும் உருளையும் குறைந்தன. தயிர், பன்னீர், நிலக்கடலை சேர்ந்தன. ஒரு வருஷத்தில் ஏழு கிலோதான் குறைந்தது. ஆனால் மூன்று வருஷமாகத் திரும்பி வரவில்லை. முழங்கால் வலிக்குப் பயந்து ஏறாத மாடிக்கு இப்போது வற்றல் காயப்போட ஏறுகிறார்.

அவர் வீட்டுக்காரரும் இளைக்க விரும்பினார். "எனக்கு ராத்திரி சப்பாத்தி போதும்" என்று தியாகம் செய்தாராம். நம்மில் பல பேருக்கு இந்த மயக்கம் இருக்கிறது. அரிசியில் முக்கால் பங்குக்கு மேல் மாவுச்சத்து என்றால், கோதுமை மாவிலும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அதுதான். நம் ஊர் அல்வாவே கோதுமைப் பாலில் கிண்டியதுதானே! இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த பெரிய ஆய்வொன்றின் முடிவுகள் 2025-இல் வெளியாயின. நம் ஜனங்கள் பெறுகிற சக்தியில் சுமார் 62 சதவிகிதம் மாவுச்சத்திலிருந்துதான் வருகிறதாம். அரிசியை விட்டுக் கோதுமைக்கோ சிறுதானியத்துக்கோ தாவுவதால் மட்டும் சர்க்கரை வியாதியின் ஆபத்து குறையவில்லை; மொத்த மாவுச்சத்தில் ஒரு சிறு பங்கைப் பருப்பு, பால் பொருள்களின் புரதத்துக்கு மாற்றினால்தான் குறைகிறது என்று கண்டிருக்கிறார்கள். பாளையங்கோட்டை அம்மையார் உழக்கை வைத்துச் செய்ததும் இதுதான்.

சோற்றை ஒழித்தால்தான் இளைக்க முடியும் என்பதும் இல்லை. அமெரிக்காவில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் 609 பேரை இரண்டு கட்சியாகப் பிரித்து, ஒரு கட்சிக்கு மாவுச்சத்தையும், இன்னொரு கட்சிக்குக் கொழுப்பையும் குறைத்துப் பார்த்தார்கள். முடிவு 2018-இல் வெளியாயிற்று. ஒரு வருஷத்தில் முதல் கட்சி சராசரி 6 கிலோ, இரண்டாவது கட்சி 5.3 கிலோ. பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டு கட்சியிலும் நிறைய இளைத்தவர்களும் உண்டு. எடை கூடியவர்களும் உண்டு! எந்தப் பத்தியத்தை ஒருத்தி வருஷக்கணக்கில், வீட்டாரோடு சண்டையில்லாமல், தன் சமையலறையிலேயே நடத்த முடிகிறதோ, அது அவளுக்கு நல்ல பத்தியம் என்பது என் அபிப்பிராயம். அந்த விதத்தில் தினமும் நூறு பாதாம் பருப்பு என்பது பல குடும்பங்களின் மளிகைப் பட்டியலுக்கு ஒத்துவராது.

கர்ப்பிணிகளும், பால் கொடுக்கும் தாய்மாரும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்களும் இதைத் தாமாகத் தொடங்கக் கூடாது. மதினி இதை எழுதச் சொல்லி இரண்டு தடவை நினைவுபடுத்தினாள்.

மதினிக்கு இப்போது மாத்திரை பாதிதான். தீபாவளிக்கு இரண்டு கிலோ ஏறியது, பொங்கலுக்குள் இறங்கியது. அம்மையும் சமாதானம் ஆகிவிட்டாள். தனக்கும் ஒரு கிண்ணம் கீரையை முதலிலேயே எடுத்து வைக்கச் சொல்கிறாள். மனக்குறை இருப்பது ஒரே ஒரு ஆளுக்குத்தான். தினமும் மாட்டுக்குக் கழுநீர் எடுத்துப்போக வரும் கோனார் வீட்டு ஆச்சி சென்ற வாரம் வாளியை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாளாம்:

"என்ன தாயி, கழுநீர்ல சோத்துப் பருக்கையே காணோமே? வீட்டுல எல்லாரும் ஊருக்குப் போயிட்டாங்களா?"