அறியாத அந்துப்பூச்சியைப் படத்தால் இனங்காணல்

கமக்காரர்களே! நெல்லுக்கும் மரக்கறிப் பயிர்களுக்கும் சேதம் விளைப்பது பெரும்பாலும் அந்துப்பூச்சியன்று. அது இடும் முட்டையிலிருந்து வெளிவரும் புழுவேயாகும். ஆயினும், இரவில் விளக்கைச் சுற்றும் அந்துகளைக் கண்டவுடன் பூச்சிநாசினி விசிற முற்படுவோர் உளர். விளக்கை நாடி வரும் அந்துகளுட் பல பயிருக்குத் தீங்கற்றவை. சில மகரந்தச் சேர்க்கைக்கு உதவுபவை. பெயரறியாது விசிறுவதாற் பணம் வீணாவதுடன், தண்டு துளைப்பானின் முட்டைகளை அழிக்கும் சிறு குளவிகளும் சிலந்திகளும் மடிகின்றன. ஆகவே முதலிற் பூச்சியை இனங்காணுதல் வேண்டும்.

கைத்தொலைபேசியில் எடுத்த படத்தை விவசாயப் போதனாசிரியருக்கு அனுப்பிப் பெயரைக் கேட்டறியலாம். 2008 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஐநேச்சுரலிஸ்ட் எனும் இணையத்தளத்தில் ஒருவர் இடும் படத்தைப் பல நாட்டவரும் பார்த்துப் பெயர் கூறுவர். படம் தெளிவற்றதாயின் அறிந்தோரும் தவறுவர்.

படம் எடுக்கும் முறை

1. இரவில் விளக்கின் அருகே வெள்ளைத் துணியொன்றைக் கட்டுக. அதில் அமரும் அந்தை, அது அசையாதிருக்கும்போது படமெடுக்க.
2. சிறகுகள் முழுவதும் தெரியுமாறு நேர் மேலிருந்து ஒரு படமும், பக்கத்திலிருந்து ஒரு படமும் எடுக்க.
3. பருமனை அறிதற்கு அருகே அடிமட்டமொன்றை வைக்க.
4. திகதி, ஊர், பயிர், பயிரின் வயது ஆகியவற்றைப் படத்துடன் எழுதுக.
5. பயிரிற் புழு காணப்படின் அதனையும், அது உண்ட இலை அல்லது தண்டையும் படமெடுக்க.

கவனிக்க வேண்டிய அடையாளங்கள்

நெல்லின் மஞ்சள் தண்டு துளைப்பானின் பெண் அந்து மஞ்சள் நிறமுடையது. முன்சிறகு ஒவ்வொன்றிலும் ஒரு கரும்புள்ளி உண்டு. ஆண் அந்து சிறியது, மங்கிய நிறமுடையது. அதில் இப்புள்ளி தெளிவாய்த் தோன்றாது. கோவாப் பயிரைத் தாக்கும் வைரமுதுகு அந்து சிறகை மடித்து அமர்ந்திருக்கையில், அதன் முதுகில் வைர வடிவான வெளிர்குறிகள் வரிசையாய்த் தெரியும். கத்தரியின் தண்டையும் காயையும் துளைக்கும் புழுவின் அந்து, வெண்சிறகில் கபிலநிறத் திட்டுக்களை உடையது.

2018 ஆம் ஆண்டில் எமது நாட்டுச் சோளப் பயிரிற் பரவிய சேனா படைப்புழுவை, அதன் அந்தைக் காட்டிலும் புழுவைக் கொண்டே எளிதில் அறியலாம். வளர்ந்த புழுவின் தலையிற் கவிழ்த்த கவட்டுத்தடி போன்ற வெளிர்குறியும், உடலின் பின்முனைக்கு அருகே சதுரமாய் அமைந்த நான்கு கரும்புள்ளிகளும் காணப்படும்.

எச்சரிக்கை

சில அந்து இனங்கள் ஒன்றையொன்று பெரிதும் ஒத்தவை. அவற்றை உடலின் உள்ளுறுப்புக்களை ஆராய்ந்தே பிரித்தறிய முடியும். படம் மட்டும் போதாது. ஐயமிருப்பின், புழுவை அது உண்ணும் இலையுடன் ஒரு போத்தலில் இட்டு, வாயை மெல்லிய துணியாற் கட்டி, நாள்தோறும் புதிய இலை கொடுத்து வளர்க்க. வெளிவரும் அந்தையும் படமெடுத்தால் ஐயம் பெரும்பாலும் நீங்கும்.

பெயர் தெரிந்தவுடன் விசிற வேண்டுமென்பதுமில்லை. வயலில் இறங்கிச் சேதத்தின் அளவைப் பார்த்து, படங்களை விவசாயப் போதனாசிரியரிடம் காட்டி, அவர் ஆலோசனைப்படி நடந்துகொள்க. பூச்சியை அறிந்து பரிகாரஞ் செய்பவர் பயிரையும் காப்பார், பணத்தையும் காப்பார்.